மனிதவள மேலாண்மையில் முதுகலை: உள்ளே என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

"எனக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்கும், அதனால் எச்ஆர் படிக்கப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு இந்தப் படிப்பில் சேருபவர்கள் நிறையப் பேர். பிடிப்பது நல்லதுதான். ஆனால் சேர்ந்த சில வாரங்களிலேயே புள்ளியியல், தொழிலாளர் சட்டம், சம்பளக் கட்டமைப்பு, ஆய்வு முறை என்று வரிசையாக வந்து நிற்கும்போது பலர் திகைத்துப் போகிறார்கள், இதற்கும் மனிதர்களோடு பழகுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. ஒருவரை வேலைக்கு எடுப்பது, இன்னொருவரைத் திருப்பி அனுப்புவது, ஒருவருக்கு இவ்வளவுதான் சம்பளம் என்று வைப்பது, ஒருவர் மேல் நடவடிக்கை எடுப்பது, இதெல்லாம் அடுத்தவர் பிழைப்பில் கைவைக்கிற முடிவுகள். அந்த முடிவை எந்த ஆதாரத்தை வைத்து எடுத்தோம், நாளைக்கு அவரே வந்து "ஏன்?" என்று கேட்டால் அவர் முன்னால் காரணத்தை எடுத்து வைக்க முடியுமா என்பதுதான் இந்தப் படிப்பு முழுக்க ஓடுகிற கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு சிலபஸைப் படித்தால் எந்தத் தாள் எதற்கு இருக்கிறது என்று தானாகப் புரியும். புதிதாகச் சேர நினைப்பவர்களுக்காக, படிப்பு போகிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. பட்டத்தின் பெயரை விடுங்கள், தாள்களின் பட்டியலை வாங்குங்கள்

ஒரே படிப்பு பல பெயர்களில் வரும். எம்ஏ, எம்எஸ்சி, எம்பிஏவில் எச்ஆர் சிறப்புப் பிரிவு, எம்எச்ஆர்எம், தொழிலுறவையும் மனிதவளத்தையும் சேர்த்து வைத்த பட்டங்கள் என்று பட்டியல் நீளும். இரண்டு வருட எம்பிஏ என்றால் வழக்கமாக முதல் வருடம் கணக்கியல், நிதி, மார்க்கெட்டிங் எல்லாவற்றையும் பொதுவாகப் படித்துவிட்டு அப்புறம்தான் எச்ஆர் தாள்களுக்குள் நுழைவீர்கள். தனி எச்ஆர் முதுகலை என்றால் ஆரம்பத்திலிருந்தே எச்ஆர்தான், ஆனால் நிதி அறிக்கை படிக்கத் தெரியாமலே வெளியே வந்துவிடும் ஆபத்தும் உண்டு. எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஏற்கெனவே வணிகவியல் படித்தவருக்குத் தனிப் படிப்பு பொருந்தும், உளவியலோ இலக்கியமோ படித்துவிட்டு வருகிறவருக்கு நிறுவனம் எப்படிப் பணம் சம்பாதிக்கிறது என்று சொல்லித் தருகிற ஒரு தாளாவது இருக்கிற படிப்பு நல்லது.

காலமும் இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் முழுநேர முதுகலை பெரும்பாலும் 1 வருடம், 180 கிரெடிட். ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஈசிடிஎஸ் என்ற கிரெடிட் கணக்கில் 60 முதல் 120 கிரெடிட் வரும், அங்கே 1 கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட் எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதாவது 60 கிரெடிட் என்று எழுதியிருந்தால் குறைந்தது 1500 மணி நேரம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று நினைப்பவர்கள் சேரும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, தொழில் அமைப்புகளின் அங்கீகாரம். பிரிட்டனில் சிஐபிடி என்ற எச்ஆர் தொழில் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்புகள் உண்டு, அமெரிக்காவில் அதே மாதிரியான எஸ்எச்ஆர்எம் என்ற அமைப்பு வகுத்த பாடத்திட்ட வழிகாட்டுதலோடு ஒத்துப்போகிற படிப்புகள் உண்டு. நீங்கள் எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்களோ அங்கே வேலை கொடுப்பவர்கள் இதைக் கேட்கிறார்களா என்று வேலை விளம்பரங்களைப் படித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

2. ஆரம்பத் தாள்கள்: பழைய கோட்பாடுகளைச் சந்தேகத்தோடு படியுங்கள்

முதலில் நிறுவன நடத்தை என்ற தாள் வரும். மனிதர்கள் ஏன் உழைக்கிறார்கள், எப்போது சோர்ந்து போகிறார்கள், குழு எப்படி முடிவெடுக்கிறது என்பதெல்லாம் இதில் வரும். மாஸ்லோவின் தேவைப் படிநிலை, ஹெர்ஸ்பெர்க்கின் இரு காரணிகள், ஆடம்ஸின் சமநீதிக் கோட்பாடு, லாக் முன்வைத்த இலக்கு நிர்ணயக் கோட்பாடு என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். மனப்பாடம் செய்தால் தேர்வில் தேறலாம், ஆனால் முதுகலை அளவில் உங்களிடம் எதிர்பார்ப்பது வேறு. இந்தக் கோட்பாட்டை ஆய்வுகள் எந்த அளவுக்குத் தாங்குகின்றன என்று நீங்கள் சொல்ல வேண்டும். மாஸ்லோவின் படிநிலை ஊரெல்லாம் புகழ் பெற்றது, ஒரு படி நிறைந்தால்தான் அடுத்த படி என்ற அதன் வரிசைக்கு ஆய்வு ஆதரவு பலவீனம். திட்டமான, கொஞ்சம் கடினமான இலக்கு கொடுத்தால் செயல்திறன் கூடும் என்ற லாக்கின் பக்கம் ஆதாரம் மிகவும் வலுவாக இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதினால் நல்ல ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார், குறைக்கவும் வேண்டும்.

ஹாதார்ன் சோதனைகளை எல்லோரும் படிப்பீர்கள். சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்தவை. வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது, ஆகவே தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே ஆட்களை நன்றாக உழைக்க வைத்தது என்பது பல காலமாகச் சொல்லப்பட்ட கதை. பின்னாளில் பொருளாதார அறிஞர்கள் அந்த வெளிச்சச் சோதனையின் பழைய தரவைத் தேடி எடுத்து 2011இல் மறுபடி அலசியபோது, அந்தக் கதை சொல்கிற அளவுக்குத் தெளிவான விளைவு அதில் இல்லை என்று தெரிந்தது. இந்த ஒரு உதாரணத்தை ஆழமாகப் படித்துவிட்டால் போதும், அடுத்து வருகிற எந்தக் கோட்பாட்டையும் "எங்கே, தரவைக் காட்டு" என்று கேட்கிற பழக்கம் வந்துவிடும்.

3. ஆளெடுப்பு: படிப்பின் மிக முக்கியமான இடம் இது என்பது என் கருத்து

வெளியிலிருந்து பார்த்தால் சுலபமாகத் தெரியும். விளம்பரம் கொடு, ரெஸ்யூமே வாங்கு, இன்டர்வியூ வை, ஆளை எடு. உள்ளே போனால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேருக்கு அநியாயம் நடக்கலாம் என்று தெரியும்.

முதல் வேலை, பணிப் பகுப்பாய்வு. ஒரு வேலையில் இருப்பவர் உண்மையில் நாள் முழுக்க என்ன செய்கிறார், அதற்கு என்ன அறிவு, என்ன திறமை வேண்டும் என்று அவரையும் அவருடைய மேலாளரையும் கேட்டு, நேரில் பார்த்து எழுதுவது. இதைச் செய்யாமல் வைக்கிற எந்தத் தேர்வும் காற்றில் கட்டிய வீடு. "5 வருட அனுபவம் வேண்டும்" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, ஏன் 5, ஏன் 3 இல்லை என்று கேட்டால் பல நிறுவனங்களில் பதில் இருக்காது. வகுப்பில் அந்தப் பதிலை எழுதித் தரச் சொல்வார்கள்.

அடுத்து, எந்தத் தேர்வு முறை உண்மையிலேயே நல்ல ஊழியரைக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்வி. 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து ஒரு அட்டவணை போட்டார்கள். 0 என்றால் வேலையில் செயல்திறனோடு தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. அதில் பொது அறிவுத்திறன் சோதனைக்கு 0.51, கட்டமைத்த இன்டர்வியூவுக்கும் 0.51, சும்மா பேசிப் பார்க்கிற இன்டர்வியூவுக்கு 0.38, அனுபவ வருடங்களுக்கு வெறும் 0.18, கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வதற்கு 0.02. பல வருடங்கள் இந்த அட்டவணைதான் வேதம் மாதிரி இருந்தது. 2022இல் சாக்கெட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், அந்தப் பழைய கணக்கில் செய்யப்பட்டிருந்த ஒரு புள்ளியியல் திருத்தம் அளவுக்கு மீறியது என்று காட்டி மறுபடி கணக்கிட்டார்கள். எண்கள் பொதுவாக இறங்கின, அறிவுத்திறன் சோதனை 0.31க்கு வந்தது, சும்மா பேசிப் பார்க்கிற இன்டர்வியூ 0.19க்கு வந்தது, கட்டமைத்த இன்டர்வியூ 0.42 என்று பட்டியலின் உச்சிக்குப் போனது. நீங்கள் சேருகிற இடத்தில் இன்னும் 1998ஆம் வருட அட்டவணையோடு பாடம் நின்றுவிடுகிறதா, 2022 வரை வருகிறதா என்று பாருங்கள், ஆசிரியர்கள் தொடர்ந்து படிக்கிறார்களா என்பதற்கு இது நல்ல சோதனை.

சரி, கட்டமைத்த இன்டர்வியூ என்றால் என்ன? வந்த எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில், பதிலுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த மதிப்பெண் அளவுகோல். வகுப்பில் இதைச் செய்யவே சொல்வார்கள். "குழுவாக வேலை செய்வீர்களா?" என்று கேட்டால் உலகத்தில் ஒருவரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அதையே இப்படி மாற்றுங்கள்: "கூட வேலை பார்த்த ஒருவர் தன் பங்கை நேரத்துக்கு முடிக்காததால் உங்கள் வேலை நின்றுபோன ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது?" அப்புறம் அளவுகோல் எழுத வேண்டும். மேலாளரிடம் புகார் செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன் என்ற வகைப் பதிலுக்கு 1. அவரிடம் நேரில் பேசினேன், வேலை முடிந்தது என்றால் 3. ஏன் தாமதம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வேலையைப் பிரித்து, மறுபடி அப்படி நடக்காமல் ஒரு ஏற்பாடும் செய்தேன் என்றால் 5. இதை எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், ஒரு நல்ல கேள்விக்கும் அளவுகோலுக்கும் அரை நாள் ஓடிவிடும். அந்த அரை நாள்தான் வந்து உட்காருகிற ஒவ்வொரு ஆளுக்கும் நாம் கொடுக்கிற மரியாதை.

பாகுபாடு பற்றிய ஆய்வுகளும் இதே தாளில் வரும். 2004இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5000 ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். தகுதி ஒத்த மாதிரியே இருந்தது, மேலே போட்ட பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயராக ஒலித்தவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயராக ஒலித்தவற்றைவிட 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. இயந்திரத்திடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம் உண்டு. அமேசான் சோதனை முயற்சியாக உருவாக்கிய ரெஸ்யூமே வடிகட்டும் மென்பொருள் பெண்களுடைய ரெஸ்யூமேக்களைக் கீழே தள்ளியதால் கைவிடப்பட்டது என்று 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பெரும்பாலும் ஆண்கள் அனுப்பிய 10 வருட ரெஸ்யூமேக்களைப் பார்த்து அது கற்றுக்கொண்டிருந்தது. பழைய பழக்கத்தைத் தரவாகக் கொடுத்தால் இயந்திரமும் அதையேதான் படிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கவும் சொல்லித் தருவார்கள். 100 ஆண்கள் விண்ணப்பித்து 40 பேர் தேர்வானால் 40 சதவீதம். 50 பெண்கள் விண்ணப்பித்து 12 பேர் தேர்வானால் 24 சதவீதம். 24ஐ 40ஆல் வகுத்தால் 0.6. அமெரிக்காவில் 1978இல் வந்த வழிகாட்டுதல்படி இந்த விகிதம் ஐந்தில் நான்குக்கு, அதாவது 0.8க்குக் கீழே இறங்கினால் தேர்வு முறையை எடுத்து ஆராய வேண்டும். இது குற்றம் நிரூபணமானதற்கு அடையாளம் கிடையாது, விசாரிக்க வேண்டிய இடத்தைக் காட்டுகிற எச்சரிக்கை மணி. எந்த நாட்டில் இருந்தாலும் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் நல்லது.

4. சம்பளம்: யார் மதிப்பு எவ்வளவு என்று யார் சொல்வது?

ஊதிய மேலாண்மைத் தாளில் பணி மதிப்பீடு என்று ஒன்று வரும். ஆளை மதிப்பிடுவது இதில் கிடையாது, வேலையைத்தான் மதிப்பிடுவார்கள். அறிவு, பொறுப்பு, உழைப்பு, வேலை நடக்கிற சூழல் என்று சில காரணிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்து, கூட்டி, அந்தப் புள்ளிகளின்படி வேலைகளைப் படிநிலைகளில் அடுக்குவார்கள். அப்புறம் வெளிச் சந்தையில் அதே மாதிரி வேலைக்கு என்ன தருகிறார்கள் என்ற கணக்கெடுப்போடு பொருத்தி ஒவ்வொரு படிநிலைக்கும் குறைந்தபட்சம், நடு, அதிகபட்சம் என்று ஒரு பட்டை போடுவார்கள். எக்செல்லில் செய்து பார்க்கும்போது சுத்தமான கணக்கு மாதிரியே இருக்கும்.

ஆனால் எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை என்று தீர்மானிப்பது மனிதர்கள். இங்கிலாந்தில் ஃபோர்டு நிறுவனத்தின் டாகன்ஹாம் ஆலையில் காருக்கு இருக்கை உறை தைத்த பெண்களின் கதையைக் கட்டாயம் படியுங்கள். பணி மதிப்பீட்டில் அவர்களுடைய தையல் வேலையைத் திறன் குறைந்த பிரிவில் போட்டார்கள். 1968இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கார் உற்பத்தியே நின்றது, அந்தப் போராட்டம் 1970இல் வந்த சம ஊதியச் சட்டத்துக்கு வழி திறந்தது. ஆனால் அவர்கள் முதலில் கேட்டது தங்கள் வேலையைத் திறனுள்ள வேலையாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான். அது கிடைக்க 1984 வரை ஆனது, அதற்கு இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. ஒரு அட்டவணையில் யாரோ போட்ட ஒரு பிரிவைத் திருத்த 16 வருடம். தையலைப் பெண்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்பதால் அதைத் திறமையாகக் கணக்கில் எடுக்காமல் விடுகிற மனப்பான்மைதான் இதற்குப் பின்னால் இருந்தது. புள்ளி அட்டவணை போடும்போது இந்தக் கதை நினைவில் இருந்தால், பராமரிப்பு வேலை, வாடிக்கையாளரின் கோபத்தைத் தாங்குகிற வேலை இதற்கெல்லாம் உங்கள் அட்டவணையில் புள்ளி இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பீர்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் ஒப்பந்தம், 1951இல் வந்தது, "சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்" என்கிறது. ஒரே வேலை என்று அது சொல்லவில்லை, சம மதிப்புள்ள வேலை என்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது, தேர்வில் கேள்வியாக வருவதற்கும் நல்ல வாய்ப்பு உண்டு.

ஊக்கத்தொகை, போனஸ், பங்கு கொடுப்பது இதெல்லாம் இதே தாளில் வரும். தனிநபர் ஊக்கத்தொகை எண்ணிப் பார்க்கக்கூடிய வேலையில் அளவைக் கூட்டும், தரத்தையும் ஒத்துழைப்பையும் கவனிக்காமல் விட்டால் அங்கே அடி விழும். அவ்வளவு தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

5. பயிற்சியும் அப்ரைசலும்

பயிற்சித் தாளில் தேவை அறிதல், வடிவமைத்தல், நடத்துதல், அளத்தல் என்று போகும். அளப்பதற்கு கிர்க்பேட்ரிக் என்பவர் 1959இல் சொன்ன நான்கு மட்டங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் தெரிகிறதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. பெரும்பாலான இடங்களில் முதல் மட்டத்தோடு, ஒரு கருத்துப் படிவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாம் மட்டத்தை எப்படி அளப்பது என்று வகுப்பில் பிடித்துக் கேளுங்கள்.

அப்ரைசல், அதாவது ஊழியரின் வேலையை மதிப்பிட்டு மதிப்பெண் போடுவது, அதில் வருகிற தவறுகளைப் பற்றி நிறையப் படிப்பீர்கள். ஒருவரைப் பற்றிய ஒரு நல்ல எண்ணம் மற்ற எல்லா மதிப்பெண்ணையும் தூக்கிவிடுவது, எல்லோருக்கும் நடு மதிப்பெண் போட்டுத் தப்பித்துக்கொள்வது, கடைசி மாதம் நடந்ததை மட்டும் நினைவில் வைத்து வருடம் முழுவதையும் எடைபோடுவது. இதிலிருந்து காப்பாற்றிக்கொள்ள ஒரு நல்ல வழி, வருடம் முழுக்க நடந்ததைத் தேதியோடு குறித்து வைப்பதும் இடையிடையே பேசுவதும்தான்.

6. சட்டமும் தொழிலுறவும்: பயந்து ஒதுங்காதீர்கள்

விருப்பத் தாள் என்று விட்டுவிடலாம் என்றால் பலர் முதலில் விடுவது இதைத்தான். விடாதீர்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே நீங்கள் வேலை பார்க்கப் போகிற நாட்டின் சட்டத்தைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்புபவர்களுக்கு இது இரட்டை வேலை, ஆனால் தவிர்க்க முடியாத வேலை. அடித்தளம் மட்டும் பொதுவானது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998இல் அடிப்படை உரிமைகள் என்று நான்கு தலைப்புகளை அறிவித்தது: சங்கம் சேரும் சுதந்திரமும் கூட்டுப் பேர உரிமையும், கட்டாய உழைப்பு ஒழிப்பு, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு, வேலையில் பாகுபாடு ஒழிப்பு. 2022இல் பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச் சூழல் ஐந்தாவதாகச் சேர்ந்தது. 2019இல் வந்த 190ஆம் ஒப்பந்தம் பணியிட வன்முறையையும் துன்புறுத்தலையும் பற்றியது.

தொழிலுறவில் ஆலன் ஃபாக்ஸ் என்ற அறிஞர் சொன்ன மூன்று பார்வைகள் வரும். நிறுவனம் ஒரே அணி, மோதல் வந்தால் யாரோ கெட்டவர் இருக்கிறார் என்று நினைப்பது முதல் பார்வை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நியாயமான வேறு வேறு நலன்கள் இருக்கின்றன, பேசித் தீர்க்க வழி அமைக்க வேண்டும் என்பது இரண்டாவது. அதிகாரம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, பேச்சுவார்த்தை மேசையே சமமாக இல்லை என்பது மூன்றாவது. எச்ஆர் வேலைக்குப் போகிறவர்கள் பலரும் முதல் பார்வையை இயல்பு என்று எடுத்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள். மற்ற இரண்டையும் படித்தவர் ஒரு புகார் மனு கைக்கு வந்ததும் எழுதியவரைக் குறைசொல்லாமல் மனுவைப் படிப்பார்.

நடைமுறையில் ஒழுங்கு விசாரணை ஒன்றை நடித்துக் காட்டச் சொல்வார்கள். ஒருவர் நிறுவனச் செலவுக் கணக்கில் பொய் ரசீது வைத்ததாகக் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டைத் தெளிவாக எழுத்தில் கொடுத்தீர்களா, ஆதாரத்தை அவருக்கு முன்கூட்டியே காட்டினீர்களா, பதில் தயாரிக்க நேரம் கொடுத்தீர்களா, கூட ஒருவரை அழைத்து வர விட்டீர்களா, தண்டனையை விசாரித்தவரே முடிவு செய்யாமல் வேறொருவர் முடிவு செய்தாரா, முறையீட்டுக்கு வழி இருக்கிறதா? அவர் உண்மையிலேயே தப்பு செய்தவராக இருந்தாலும் இதில் ஒன்று தவறினால் முடிவு நிற்காமல் போகலாம். நடிப்புதானே என்று விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், குற்றம் சாட்டப்பட்டவர் இடத்தில் ஒரு தடவையாவது உட்காருங்கள். ஆதாரம் காட்டாமல் எதிரே மூன்று பேர் கேள்வி கேட்கும்போது நாக்கு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று அங்கே தெரியும்.

7. எண்கள்: சராசரியை நம்பி உட்காராதீர்கள்

எச்ஆர் அனலிட்டிக்ஸ், அதாவது ஊழியர் தரவை அலசிப் பார்ப்பது, இப்போது பல படிப்புகளில் கட்டாயத் தாள். எக்செல் கட்டாயம் வேண்டும், அதற்கு மேல் எஸ்பிஎஸ்எஸ், ஆர், பைதான், பவர் பிஐ போன்ற தரவு அலசும் கருவிகளில் ஒன்றிரண்டு வரும். கணக்கு வராது என்று பயப்படுபவர்களுக்காக ஒன்று செய்து காட்டுகிறேன்.

ஒரு நிறுவனத்தில் சராசரியாக 200 பேர். வருடத்தில் 30 பேர் வேலையை விட்டார்கள். 30ஐ 200ஆல் வகுத்தால் விலகல் விகிதம் 15 சதவீதம். மேலிடத்தில் "சம்பளம் போதவில்லை போல, எல்லோருக்கும் கூட்டுவோம்" என்கிறார்கள். இப்போது பிரித்துப் பாருங்கள். உற்பத்திப் பிரிவில் 150 பேர், விலகியவர்கள் 12, அதாவது 8 சதவீதம். வாடிக்கையாளர் சேவையில் 50 பேர், விலகியவர்கள் 18, அதாவது 36 சதவீதம். அந்த 18 பேரில் 13 பேர் சேர்ந்த 6 மாதத்துக்குள் போயிருக்கிறார்கள். இப்போது கேள்வியே மாறிவிட்டது. ஆளெடுக்கும்போது இந்த வேலையைப் பற்றி என்ன சொன்னோம், இரவு ஷிஃப்ட் உண்டு என்று சொன்னோமா, முதல் மாதம் யார் கூட இருந்து கற்றுக் கொடுத்தார்கள்? எல்லோருக்கும் சம்பளம் கூட்டியிருந்தால் செலவு ஆகியிருக்கும், அந்த 13 பேர் போன காரணம் அப்படியே இருந்திருக்கும். இதில் வந்தது வகுத்தல் கணக்கு மட்டும்தான். ரிக்ரெஷன் மாதிரியான புள்ளியியல் முறைகள் எல்லாம் அப்புறம் வரும், முதலில் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

யாருடைய தரவை எதற்கு எடுக்கலாம் என்ற நெறியும் இதோடு சேர்ந்து வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆளெடுப்பிலும் ஊழியர் மதிப்பீட்டிலும் பயன்படும் மென்பொருள்களை அதிக அபாயமுள்ள வகையில் சேர்த்திருக்கிறது. அனலிட்டிக்ஸ் தாளில் நெறிக்கு ஒரு வாரம்கூட ஒதுக்காத படிப்பு என்றால் எனக்குத் தயக்கம்தான்.

8. உத்தி பற்றிய தாள்

கடைசிப் பகுதியில் வரும். நல்ல எச்ஆர் நடைமுறை லாபத்தைக் கூட்டுமா என்பது மையக் கேள்வி. 1995இல் ஹியூசலிட் என்ற ஆய்வாளர் ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்க நிறுவனங்களைப் பார்த்து, தேர்வு, பயிற்சி, ஊதியம் எல்லாவற்றையும் சேர்த்துச் சரியாகச் செய்கிற இடங்களில் விலகல் குறைவு, உற்பத்தித்திறனும் நிதி நிலையும் மேல் என்று காட்டினார். ஆனால் லாபம் வருகிற நிறுவனம்தான் பயிற்சிக்குச் செலவு செய்கிறதோ என்ற எதிர்க்கேள்வி இன்னும் ஓய்ந்தபாடில்லை. அசைன்மென்ட்டில் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.

9. வகுப்பில் கிடைக்காதவற்றை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்

சம்பளப் பட்டியல் ஓட்டுவது, ஊழியர் கோப்புப் பராமரிப்பு, எச்ஆர் மென்பொருளில் நுழைந்து விடுப்பு பதிவது போன்ற தினசரி வேலை பல முதுகலைப் படிப்புகளில் வராது. முதல் வேலையில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். அதனால் இன்டர்ன்ஷிப்பில் உத்திக் குழுவில்தான் உட்காருவேன் என்று நிற்காமல், பே ரோல் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு மாதம் உட்கார முடியுமா என்று கேளுங்கள். ஒரு விடுப்பு தப்பாகப் பதிந்தால் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் எப்படிக் குறைகிறது என்று அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும்.

10. தீசிஸ்: தலைப்பைவிட அனுமதி முக்கியம்

பல படிப்புகள் ஒரு ஆய்வேட்டில் முடியும், சிலவற்றில் அதற்குப் பதிலாக நிறுவன ப்ராஜெக்ட். "ஊழியர் ஈடுபாடு குறித்த ஓர் ஆய்வு" என்று அகலமாக எடுத்தால் எங்கேயும் போய்ச் சேராது. "சேர்ந்து 6 மாதத்துக்குள் விலகியவர்களுக்கு ஆளெடுப்பின்போது வேலையைப் பற்றி என்ன சொல்லப்பட்டது" என்று குறுக்கினால் யாரிடம் கேட்பது, எத்தனை பேர் போதும், என்ன கேட்பது என்பது தானாக வரும்.

வேலை பார்க்கிற இடத்திலேயே ஆய்வு செய்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். ஒருவர் உங்களை நம்பி மேலாளரைப் பற்றி மனம் திறந்து பேசியிருப்பார், அறிக்கையைப் படித்த மேலாளர் "இதைச் சொன்னது யார்?" என்று நேராகவே கேட்பார். சிறிய பிரிவில் பெயரை எடுத்துவிட்டாலும் பதவியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே முதல் பேட்டிக்கு முன்பே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பேட்டிப் பதிவுகள் உங்களிடமும் உங்கள் வழிகாட்டியிடமும் மட்டும் இருக்கும், நிறுவனத்துக்குத் தொகுத்த முடிவு மட்டும் போகும், 5 பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் அறிக்கையில் தனியாகக் காட்ட மாட்டீர்கள். நிறுவனம் இதற்குக் கையெழுத்துப் போடத் தயங்கினால் தலைப்பை வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்தைத் தேடுங்கள்.